முந்திரி இல்லாத மக்ரூன்

என்னைவிடப் பெரிய மடையன் தூத்துக்குடியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முந்திரிக் கிட்டங்கியில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. வறுத்த பருப்பு ஒன்றை வாயில் போட்டால் எந்தக் கண்டத்து மரம் என்று சொல்லிவிடுவேன் (சரியா தப்பா என்று அந்தக் கண்டத்துக்குப் போய் யார் கேட்கப் போகிறார்கள்?). அப்படிப்பட்ட நாக்கை வைத்துக்கொண்டு சொந்த அடுப்படியில் கோட்டை விட்டேன்.

திருச்செந்தூர் முருகனுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. முந்திரியில் சம்பாதிக்கிறவன் மகளுக்கு முந்திரி ஆகாது. மூன்று வயதில் ஒரு விசேஷ வீட்டுக் கேசரியில் பாதிப் பருப்பு உள்ளே போனது. உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம். "இனிமே சந்தேகம் வந்தாலே யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துருங்க" என்றார் டாக்டர்.

அன்று முதல் வீட்டில் என் மனைவி செல்வியின் சட்டம்தான். வேலை விட்டு வந்தால் நான் புறவாசல் குழாயில் குளித்து, உடுப்பு மாற்றி, அப்புறம்தான் மகளைத் தொடலாம். மகள் யாழினி எதையும் வாயில் வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: என்ன போட்டது? யார் செஞ்சது? எந்தப் பாத்திரம்?

அவளுடைய ஏழாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் கேட்டாள்: "அப்பா, மக்ரூன் வாயில போட்டதும் கரைஞ்சிருமாமே, அப்படியா?"

முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பொடி. இந்த மூன்றும் சேர்ந்த மக்ரூன் இல்லாமல் எங்கள் ஊரில் எந்த நல்லதும் நடக்காது. அதை எங்கள் பிள்ளை கண்ணால் மட்டும் தின்று வளர்ந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. நெஞ்சு அடைத்தால் அடுத்து மூளையும் அடைத்துக்கொள்ளும் ஜாதகம் எனக்கு.

பிறந்தநாளன்று செல்வி காலையிலேயே உடன் வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போய்விட்டாள். நான் முந்திரிக்குப் பதில் வெள்ளரி விதை வாங்கி வந்தேன். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். வெள்ளைக்கருவைப் பஞ்சு மாதிரி அடித்தேன். எல்லாம் சரி, எங்கள் மிக்சியில் விதை மட்டும் பொடியாக மறுத்தது.

தெருமுனை பேக்கரி அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"இந்த ஜார்ல அரைச்சுப் பாருங்க தம்பி, மாவா விழும்."

"நல்லா கழுவினதுதான?"

"மொகம் பாக்கலாம், பாருங்க!"

பார்த்தேன். என் முகம் தெரிந்தது. வீட்டில் இரண்டு முறை கொதிதண்ணீர் வேறு ஊற்றினேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

மக்ரூன் வெந்தது. ஒன்றைத் தின்றேன். அசல்! அதே மணம், அதே ருசி! முந்திரியே இல்லாமல் முந்திரி ருசியைக் கொண்டுவந்த முதல் ஆள் நான்தான் என்று அடுப்படியில் ஒரு சுற்று நடந்துவந்தேன். மகளைக் கூப்பிட்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன்.

"அப்பா, ஜார் யாருது?"

"தின்னு பிள்ள, அப்பா செஞ்சது!" என்று சொல்லிவிட்டு ஜாரைக் கழுவப் போனேன்.

மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், உள்ளே மஞ்சள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தொழில் பழக்கம், ஒரு துளி நாக்குக்குப் போனது. 'முதல் தரம்' என்றது நாக்கு.

ருசி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. முன்னறைக்குப் பாய்ந்தேன். யாழினியின் கை காலியாக இருந்தது.

"அப்பா, நான் வந்து..."

"பேசாத! மூச்சைச் சேத்து வை!"

கைலியும் பனியனுமாக, தோளில் பிள்ளை, கையில் டாக்டரிடம் காட்ட அந்த ரப்பர் வளையம், ஆட்டோவில் விழுந்தேன். செல்விக்குப் போன் போட்டேன். என்ன உளறினேனோ தெரியாது. பிள்ளையின் உதடு சிவந்த மாதிரியும் இருந்தது, சிவக்காத மாதிரியும் இருந்தது.

"மூச்சு முட்டுதா பிள்ள?"

"ஆமாப்பா."

(நான் இறுக்கிப் பிடித்திருந்ததால் முட்டியிருக்கிறது.) அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் "பேசாத!" என்று அதட்டினேன். முருகா, மொட்டை போடுகிறேன் என்றேன். இருக்கிற பத்து முடியைக் கொடுத்தா பிள்ளையைக் கேட்பது என்று அந்தப் பயத்திலும் வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா உதடு, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தார். "மூச்சு நல்லாத்தான இருக்கு. என்னம்மா சாப்பிட்ட?"

யாழினி என்னைப் பார்த்தாள். "பேசலாமாப்பா?"

"சொல்லுளா!"

"நான் திங்கவே இல்ல. ஜார் யாருதுன்னு அப்பா சொல்லல. அம்மா வந்ததும் கேப்போம்னு டப்பாவுல போட்டு வச்சிட்டேன்."

டாக்டரம்மா அவள் கையை நன்றாகக் கழுவச் சொல்லி, எதற்கும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றார். நர்ஸ் என்னையே பார்த்தார். "சார், நீங்க படுங்க." பி.பி. பார்த்துவிட்டு, "படுத்தே இருங்க" என்றார்.

கல்யாணப் பட்டுச்சேலையோடு செல்வி ஓடிவந்தபோது நான் கட்டிலில் கிடக்கிறேன். மகள் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. அப்பாவுக்குத்தான் மக்ரூன் ஒத்துக்கல."

செல்வி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது யாழினிக்குப் பன்னிரண்டு வயது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நான் பந்தியில் கரண்டியைத் தொட்டால் போதும், "பேசாத, மூச்சைச் சேத்து வை!" என்று நாலு பேர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நேற்று காலை செல்விக்குக் காய்ச்சல் என்று நானே தோசை சுட்டு, தேங்காய்ச் சட்னி அரைத்து, மகள் முன்னால் வைத்தேன்.

"அப்பா கைப்பக்குவம் எப்படி இருக்கு, சொல்லு."

அவள் தோசையைத் தொடவில்லை.

"ஜார் யாருது?"