மறுமை நாவலும் ஒரு நீலப் பாத்திரமும்

மரியாதைக்குரிய வெர்னா அத்தைக்கு,

தங்கள் தம்பி ஆர்லினின் மகன் டேரின் பணிவுடன் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பாவின் இதய வால்வு கசிவதால் அந்த வரியை எழுத முடியவில்லை. மற்றபடி வீடு, ஹீட்டர், லாரி, நாய் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. தாங்களும் ஃபார்கோவில் தேக ஆரோக்கியத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் புதன்கிழமைக்குள் ஆகிவிடுங்கள், காரணம் கீழே வருகிறது.

அப்பாவுக்கு நீங்கள் அனுப்பிய நாவல் வந்து சேர்ந்தது. அவர் பார்சலின் முகவரியை மட்டும் பார்த்தார். "வெர்னாவா? திருப்பி அனுப்பிடு" என்றார். "பிரிச்சுக்கூடப் பாக்கலியேப்பா" என்றேன். "கையெழுத்தைப் பாத்துட்டேன்ல, போதும்" என்று டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ஆகவே நான் பிரித்தேன். முதல் பக்கத்தில் "ஆர்லின் படிக்காவிட்டால் பையன் படிக்கட்டும், வாழ்க்கைக்கு என்ன கற்றுக்கொண்டான் என்று எனக்குக் கடிதமாக எழுதட்டும், போன் செய்தால் எடுக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். சரி, எழுதுகிறேன். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் இரண்டு மதிய இடைவேளைகளில் படித்து முடித்தேன். செத்துப்போன ஒரு நூலகப் பெண்மணி ஏரிக்கரையில் கண்விழிக்கிறாள். அக்கரைதான் சொர்க்கம். இக்கரையில் ஒரு படகு, இரண்டு துடுப்பு. உயிரோடு இருந்தபோது யாருடன் பேச்சை முறித்துக்கொண்டாளோ அவர் வந்து இரண்டாவது துடுப்பைப் போட்டால்தான் படகு நேராகப் போகும், இல்லையென்றால் வட்டமடிக்கும். பேச்சை முறித்துக்கொண்ட தங்கையோ இன்னும் சாகவில்லை. ஆகவே முப்பத்தொரு வருஷம் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசியில் தங்கை கிழவியாக வந்து இறங்குகிற இடத்தில் உங்கள் வாசகர் குழுவில் பதினோரு பேரும் அழுதார்களாமே. நான் அழவில்லை. முதலாவது, ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு படகு நேராகப் போகாது என்பது தவறு. பக்கம் மாற்றிப் போட்டால் போகும், பத்து வயதிலிருந்து நான் போட்டுக்கொண்டிருக்கிறேன், இதை எழுதியவர் படகில் உட்கார்ந்ததே இல்லை. இரண்டாவது, உயிரோடு இருந்தபோது அந்தத் தங்கை ஒன்பது மைல் தள்ளித்தான் குடியிருந்திருக்கிறாள். காரில் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தை மிச்சம்பிடித்துவிட்டு முப்பத்தொரு வருஷம் கரையில் உட்காருகிறவளுக்காக நான் எதற்கு அழ வேண்டும்? நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: கசிகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், அக்கரையில் பழுதுபார்க்கிறவன் இருப்பான் என்று விடக்கூடாது. கடிதத்தை இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் பாடம் என்று ஒன்றைக் கற்றால் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் அடித்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "அடுத்த வியாழன் ஆபரேஷன். அத்தைகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன?" அவர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "அவ டேப் ஒட்டினாடா" என்றார். ஆறு வருஷமாக அவரிடம் இருப்பது இந்த ஒரே வாக்கியம். பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதாமல் நம் ஊர்ப் பெண்கள் வெந்நீர்கூட வெளியே எடுத்துப்போக மாட்டார்கள் என்பதும், ஆர்டிஸ் பெரியத்தையின் அடக்கம் முடிந்த சாப்பாட்டில் அவருடைய நீலக் கண்ணாடிப் பாத்திரத்தை நீங்கள் கையில் எடுத்தபோது அடியில் "வெர்னா" என்று புது டேப் பளிச்சென்று இருந்ததும், அப்பா அதைப் பார்த்துவிட்டு நூறு பேர் முன்னால் கத்தியதும், நீங்கள் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியேறியதும் எல்லோருக்கும் தெரியும். "நான் ஒட்டவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு அத்தை? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் பதில் சொல்லுங்கள்.

அந்தப் பாத்திரம் போன ஞாயிறுவரை கோயில் சமையலறை மேல்தட்டில்தான் இருந்தது. சமையலறைப் பொறுப்பு டெல்ஃபின் ரஸ்க் அம்மாள் அதைக் காவல் காத்துவந்தார். நான் அப்போதே போய்க் கேட்டேன்.

"டெல்ஃபின்மா, அந்த நீலப் பாத்திரத்தை இறக்கிக் குடுங்க."

"முடியாது கண்ணு. உங்கப்பாவும் அத்தையும் ஒண்ணா வந்து கேட்டாத்தான் இறக்குவேன். ஆறு வருஷமா அதைத் தொடாம சுத்திச் சுத்தித் தூசி தட்டிட்டு இருக்கேன்."

"பாதிக் குடும்பம் வந்திருக்கேன்ல?"

"நீ பாதி இல்ல, கால்."

பின்னாலேயே வந்த அப்பா வாசலில் நின்று, "விடுடா, அதை அவளே வெச்சிக்கட்டும்" என்றார். "அவங்ககிட்ட இல்லப்பா, தட்டுல இருக்கு." "அப்ப தட்டே வெச்சிக்கட்டும்." இப்படிப்பட்டவர்களோடு வாதாடிப் பயனில்லை என்று ஸ்டூலைப் போட்டு நானே இறக்கினேன். கவிழ்த்துப் பார்த்தேன். டேப்பில் இருந்தது உங்கள் எழுத்தே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஆர்டிஸ் பெரியத்தையின் சமையல் குறிப்பு அட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன். விழப்போகிற வேலி மாதிரி சாய்ந்த அதே எழுத்து. தனக்குப் பிறகு யாருக்கு எது என்று அவர் கடைசிக் காலத்தில் வீடு முழுக்க டேப் ஒட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியும், அப்பாவுக்குத் தெரியாதா? அதோடு டேப் அநியாயத்துக்குத் தடிமனாக இருந்தது. அடியில் இன்னும் இருக்கிறது என்று புரிந்ததும் லாரியிலிருந்து பெயின்ட் உரிக்கிற சூடுகாற்று மெஷினைக் கொண்டுவந்து பிடித்தேன். முப்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு இவ்வளவு புகையும் என்று யாருக்குத் தெரியும்? தீ மணி அலறியது. நூற்றிருபது பேரும் கேக்குத் தட்டோடு வெளியே, பனியில். பாஸ்டர் அங்கிமேல் என் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். லாரியின் முன்மூடிமேல் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால், அந்தக் குளிரில் பசை நொறுங்கி டேப் தானாகவே அடுக்கடுக்காகக் கழன்று வருகிறது. முதலிலேயே வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும், என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன்.

மேலே வெர்னா. அதற்குக் கீழே ஆர்லின். அதற்குக் கீழே மறுபடி வெர்னா, மறுபடி ஆர்லின், இப்படி ஆறு அடுக்கு, ஒவ்வொன்றிலும் வருஷம். பெரியத்தைக்கு யார்மேல் கோபமோ அவர் பெயர்மேல் மற்றவர் பெயரை ஒட்டியிருக்கிறார்! ஒவ்வொன்றாக உரிக்க உரிக்கக் கூட்டம் நெருங்கி வந்தது. "அது நான் அவ கூரைப் பனியைத் தள்ளப் போகாத வருஷம்" என்று அப்பா முணுமுணுத்தார். "இது வெர்னா அவ கேக்கைக் காஞ்சிருக்குன்னு சொன்ன வருஷம்" என்றார் பாஸ்டர், அவருக்கு எப்படித் தெரியுமோ. ஏழாவதாக, எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பேறிப்போன டேப்பில் வேறு ஒரு கையெழுத்து: டெல்ஃபின் ரஸ்க்.

"ஐயோ, என் பாத்திரம்!" என்று அந்த அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "என் கல்யாணத்துக்கு வந்தது! எண்பத்தெட்டுல ஆர்டிஸுக்குக் காய்ச்சல்னு சாப்பாடு வெச்சு அனுப்பினேன், திரும்பி வரவே இல்ல!"

"ஆறு வருஷமா உங்க தலைக்கு மேலதானே இருந்துச்சு?"

"அடியில யாருடா பாத்தா?"

மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை, நீங்கள் இருவரும் ஆறு வருஷம் பேசாமல் இருந்தது அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்துக்காக. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "அவ ஒட்டலியா?" என்றார். "இல்லப்பா." "பொணம் ஆறறதுக்குள்ள பேரை ஒட்டிட்டான்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்டா." அவ்வளவுதான். வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இன்று சனிக்கிழமை. ஆறு நாளாக டிவிகூடப் போடவில்லை.

இனி செய்ய வேண்டியதை நான் முடிவு செய்துவிட்டேன். வால்வு மாற்றுவது என் தொழில் என்பதால் டாக்டரிடம் எந்தக் கம்பெனி வால்வு, எத்தனை வருஷ உத்தரவாதம் என்றெல்லாம் கேட்டுவிட்டேன், அவர் இப்போது என்னைப் பார்த்தால் வேறு வழியாகப் போகிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நல்லபடியாக எழுந்துவிடுகிறார்கள் என்றார். கொதிகலனுக்கு அது நல்ல எண். அப்பாவுக்குப் போதாது. அந்த மூன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். அப்பா தானாக முதலில் பேச மாட்டார், அந்தப் பாகமே அவரிடம் கிடையாது. ஆகவே புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நீங்கள்தான் இங்கே வர வேண்டும். டயரில் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் "சாப்பிட்டியா ஆர்லின்?" என்று மட்டும் கேளுங்கள், பாத்திரம் என்ற சொல்லை எடுக்காதீர்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் திட்டத்தில் தப்பு நடக்க வழியே இல்லை, மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

தங்கள் முழங்காலுக்கும் பூனைக்கும் என் அன்பு. அழுத பதினோரு பேருக்கும் என் வணக்கம். தங்கள் ஆசி என்றும் எங்கள் வீட்டுக்கு வேண்டும், நேரில் வந்து தந்தால் இன்னும் நல்லது.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
டேரின்

பி.கு.: மேலே எழுதியது எல்லாம் ரத்து. தபால்தலை கேட்டு அப்பாவிடம் போனேன். "யாருக்கு?" என்றார். அத்தைக்கு என்றேன். "என்னன்னு?" "வரச் சொல்லி." "இந்தப் பனியில அவ எதுக்குடா வரணும்? படி ஏறவே கஷ்டப்படுறவ" என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டி ஓட்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு, ஆகவே நான்தான் ஓட்ட வேண்டும். லாரியில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நீங்கள் கிளம்ப வேண்டாம், இதை நானே உங்கள் கையில் கொடுப்பேன். நாங்கள் வாசலில் நிற்கும்போது "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்பார், இருநூற்றைம்பது மைல். உள்ளே வா என்றால் வேண்டாம் என்பார், மறுபடி கூப்பிட்டாலும் வேண்டாம் என்பார். மூன்றாம் முறையும் கூப்பிடுங்கள், அத்தை.