பதினெட்டாம் எண் கட்டடத்தின் பாதுகாப்பான நெருப்பு

எங்கள் யூத முன்னோர் ரோமாபுரியையே எதிர்த்து நின்றவர்கள். ஆனால் பத்து வயதுக்குட்பட்டவர்களை எதிர்த்து நின்ற பெருமை ஹோலோன் நகரில் எங்கள் பதினெட்டாம் எண் கட்டடத்தின் 'குடியிருப்போர் கமிட்டி'யையே சேரும். அதன் தலைவர் அடியேன்.

பஸ்கா பண்டிகை முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் பள்ளிப்பையை எறிந்துவிட்டுச் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பழங்கால குரு ரப்பி ஷிமோன் நினைவாக லாக் பஓமர் பண்டிகையன்று மூட்டும் நெருப்புக்கு விறகு சேர்ப்பது முழுக்க அவர்கள் இலாகா. இந்த ஆபத்தான சுதந்திரத்தை ஒழிக்க ஐந்து கூட்டம் போட்டோம். ஆணியுள்ள பலகை கூடாது. முழங்கையைவிட நீண்ட குச்சி கூடாது. ஒவ்வொரு குச்சிக்கும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும்.

"கீழ விழுந்த கிளைக்கு?" என்று கேட்டாள் என் மகள் தெஹிலா. வயது ஒன்பது, பிள்ளைப் படைக்குத் தலைவி.

"மரத்துக்கு யாரு பொறுப்போ, அவங்க போடணும்," என்றார் செயலாளர் புரோஸ்பர்.

"மரத்துக்குக் கடவுள்தான் பொறுப்பு."

"அப்ப அவருகிட்டயே வாங்கிட்டு வா, கண்ணு."

மூன்று வாரத்தில் பதினோரு பிள்ளைகள் திரட்டியது மூன்று குச்சி. அதில் ஒன்று ஐஸ்கிரீம் குச்சி. காயம்பட்டோர் எவருமில்லை. கமிட்டி தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது. தெஹிலா அழவில்லை, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பண்டிகையன்று பிற்பகல் புரோஸ்பர் ஜன்னலிலிருந்து அலறினார்: "தலைவரே, எதிர்க் கட்டடத்துப் பசங்க ரெண்டு மாடி உசரத்துக்கு அடுக்கிட்டாங்க! நம்ம மானம் போச்சு!"

உடனே அவசரக் கூட்டம். 'விறகு மறுபங்கீட்டுத் தீர்மானம்' ஒருமனதாக நிறைவேறியது. நானும் புரோஸ்பரும் இன்னும் இரண்டு அப்பாக்களும் பட்டப்பகலில் பூனைநடை நடந்து எதிர்க் குவியலை அடைந்தோம். ஒரு பழைய கதவைத் தூக்கினோம். ஆணிகள் இருந்தன. நீளம் முழங்கையைவிடச் 'சற்று' அதிகம்.

"அசையாதீங்க!"

பண்டிகை வழக்கப்படி விளையாட்டு வில்லும் அம்புமாக எட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தலைவி ஒஸ்நாத்துக்கு முன்பல் இரண்டு இல்லை. "கதவை இறக்குங்க. எல்லாரும் தரையில உக்காருங்க."

"பாப்பா, நாங்க கமிட்டி..."

"தெரியும். அதான் கட்டிப்போடல. கமிட்டின்னா எங்கயும் நகராது."

அவர்களில் ஒரு பொடியன் போய்த் தெஹிலாவை அழைத்து வந்தான். பின்னால் எங்கள் பிள்ளைகள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னை மீட்க என் மகள்! பெற்ற வயிறு குளிர்ந்தது என்பார்களே, அப்பன் வயிறும் குளிரும் என்று அன்று அறிந்தேன்.

"பண்டிகைக்காகத் தாராளமா ஒண்ணு தர்றோம்," என்றாள் ஒஸ்நாத். "ஒண்ணே ஒண்ணுதான். உங்க அப்பாக்கள் வேணுமா, இந்தக் கதவு வேணுமா?"

தெஹிலா என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"கதவு."

"கண்ணு! நான் உன் அப்பாடா!"

அத்தனை நாள் கழித்து அப்போதுதான் என்னோடு வாய் திறந்தாள். "கதவாவது எரியும்ப்பா. நீங்க இருந்தா எதுவுமே எரியாது."