வல்லரசைக் கட்டிப்பிடித்த குற்றம்

உலகத்தில் மானத்தை எடைபோட்டுப் பொட்டலம் கட்டித் தரக்கூடிய ஒரே அமைப்பு, திண்டிவனத்தில் இயங்கும் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கம்தான். அதன் தலைவன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்த குடும்பம். புறமுதுகு காட்டியவன் ஒருவனும் இல்லை. முதுகு வளைந்தவனும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் மூச்சுப் பிடிப்பு வந்தபோதுகூட நான் விறைப்பாக நின்றுதான் வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. பொருள் ஒன்றே ஒன்று: என் தம்பி மகன் ஹவில்தார் பிரவீன்குமார்.

நான்கு வருடங்களுக்கு முன் பனிமலைச் சாவடி ஒன்றில் பனிச்சரிவு விழுந்தது. உடனிருந்த சிப்பாய், முகையூர்க்காரன் வல்லரசு குளிரில் விறைத்துப்போனான். 'உடம்போடு உடம்பாக அணைத்துச் சூடேற்று' என்று வயர்லெஸ்ஸில் மேலிடத்து உத்தரவு வந்தது. பிரவீன் இரண்டு நாள் அணைத்தபடியே கிடந்து அவனைப் பிழைக்க வைத்தான். படை பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதன் நகலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்தில் மாட்டினோம். "ஒரு வல்லரசையே தனியாளாகக் காப்பாற்றியவன் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று நான் மேடைதோறும் முழங்கினேன்.

சிக்கல் என்னவென்றால், உத்தரவு முடிந்த பிறகும் அவர்கள் இருவருக்கும் அணைப்பு முடியவில்லை. கால்விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டு, படையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பிய வல்லரசு, பிரவீனுக்கு ஒரு காதல் கடிதம் எழுதினான். அது அதிகாரி கையில் சிக்கியது. 'இயற்கைக்கு மாறான நடத்தை. உன்னை ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது?' என்று பிரவீனுக்கு ஓலை வந்தது.

இங்கே படையின் நுண்ணறிவை நாம் கும்பிட வேண்டும். படையில் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. அந்தத் தீர்ப்பு, பாசறை வாசலில் அடையாள அட்டை இல்லாமல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே வல்லரசு கடிதம் எழுதியது குற்றமில்லை. பிரவீன் அதைப் படித்ததுதான் குற்றம்.

'இயற்கை' பற்றி எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் படையில் இயற்கையாகவே வாழ்ந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன் நான். நின்றபடி தூங்கினேன். கல்யாணமான மூன்றாம் வாரம் ரயிலேறினேன். என் மகள் நடக்கத் தொடங்கியதைத் தபாலில் தெரிந்துகொண்டேன். எல்லாம் இயற்கை!

செயலாளர் தேவநாதன் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்தபடி கூட்டத்தைத் தொடங்கினார். "தலைவரே, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படத்தக் கழட்டிரலாமுங்களா?"

"அதுல ஆளே இல்லியேப்பா, வெறும் பேப்பர்தான?" என்றார் உறுப்பினர் அந்தோணிசாமி.

"பேப்பர்ல 'அணைத்து'ன்னு போட்டிருக்குதே! நாலு குடும்பம் வந்து போற எடம்."

"அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வெள்ளை பூசிடு."

"அப்போ எப்பிடிக் காப்பாத்தினான்னு கேட்டா?"

"சல்யூட் அடிச்சிக் காப்பாத்தினான்னு எழுதிடு. இதுல இன்னா பேஜாரு?"

குடும்ப மானம் என்னைப் பார்த்தது. நான் எழுந்தேன். "இன்னிலேர்ந்து பிரவீன்குமாரு எனக்கு யாருமில்ல. தலைமுழுகிட்டேன்."

பலத்த கைதட்டல். தேவநாதன் அதைத் தீர்மானமாகவே நோட்டில் எழுதி, வந்திருந்த பதினொரு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து என்னுடையது. மானம் பிழைத்தது.

அப்போது வாசலில் கிருஷ்ணவேணி நின்றிருந்தாள். என் தம்பியின் மனைவி, பிரவீனைப் பெற்றவள். கையில் ஒரு படிவம்.

"விழுப்புரத்து வக்கீலு குடுத்தாரு மாமா. நன்னடத்தைச் சான்று. ரிட்டையரான மிலிட்டரிக்காரரு ஒருத்தரு கையெழுத்துப் போடணுமாம். பதிலோட சேத்து வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணுமாம். இல்லன்னா வேலை போயிடும். இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டினாத்தான் பென்ஷனு. கோலியனூரு, வல்லம்னு காலையிலேர்ந்து அலைஞ்சிக்கினு வர்றேன். மிலிட்டரிக்காரங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்கன்னாங்க."

"என்கிட்ட குடுத்து இன்னா பிரயோஜனம்?" என்றேன். "உறவுக்காரங்க கையெழுத்துப் போடக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்குது."

"அதான் நீங்க இப்ப உறவு இல்லியே மாமா. வாசல்ல நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன். எல்லாரும் கைகூட தட்டினாங்க."

தேவநாதன் பதறினார். "யம்மா, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சுக்குச் சொன்னத நோட்டுல ஏன்ணா எழுதினீங்க? அத அடிச்சிருங்க. இல்லன்னா இவரு கையெழுத்துப் போடட்டும்."

பதினொரு வீரர்கள் மல்லாட்டைத் தோலை ஆராய்ந்தார்கள். முப்பத்தைந்து வருடத்தில் கிருஷ்ணவேணி என் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

படிவம் மிக ஒழுங்கானது. 'விண்ணப்பதாரர் உமக்கு என்ன உறவு?' யாருமில்லை என்று எழுதினேன்; தீர்மானத்தின் நகலை இணைத்தேன். 'அவரது நடத்தை?' அப்பழுக்கற்றது. 'அவரது துணிவு?' என்னிடம் இல்லாத அளவு.

கடைசிக் கேள்வி: 'இவர் தொடர்பாக, இயற்கைக்கு மாறான நடத்தை எதையேனும் நீர் நேரில் கண்டதுண்டா?'

"இல்லன்னு போட்டு ஜல்தி அனுப்புங்க தலைவரே," என்றார் தேவநாதன்.

சுபேதார் பொய் எழுத மாட்டான். 'உண்டு' என்று எழுதினேன். கிருஷ்ணவேணியின் முகம் வெளுத்தது. நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் தொடர்ந்தேன்:

'பீரங்கிக்கு நடுங்காத பதினொரு பேர் ஒரு காதல் கடிதத்துக்கு நடுங்கி, தங்கள் பிள்ளையை யாரோ என்று சொன்னதைத் திண்டிவனத்தில் நேரில் கண்டேன். பெயர்ப் பட்டியல் இணைப்பில் உள்ளது. முதல் பெயர் என்னுடையது.'