டீக்கடைக்குப் போகாத ஏட்டையா

உலகத்தில் பொய் சொல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்திருக்கலாம். ஆனால் மழை பெய்கிறதா என்று கேட்டால் வாசலில் இறங்கி நனைந்து பார்த்துவிட்டு வந்து, "ஆமா, பெய்யுது" என்று சொன்ன மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ராஜபாளையத்தில் அவரை எல்லோரும் சாட்சி ஏட்டையா என்பார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

அவர் அங்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனில் கோர்ட் டியூட்டி ஏட்டு. எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. வழக்குக் கட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வருவார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எனக்கும் வீடு ராஜபாளையத்தில்தான். ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கம்.

சாட்சிக் கூண்டில் நின்று நின்று அவருடைய பேச்சே வாக்குமூலமாகிவிட்டது. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்தவரிடம், "மாப்பிள்ளை எப்படி ஏட்டையா?" என்று கேட்டேன்.

"சுமார் ஐந்தே முக்கால் அடி உயரம். மாநிறம். வலது புருவத்தில் பழைய தழும்பு. மறுபடி பார்த்தால் அடையாளம் காட்டுவேன்."

பக்கத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் தங்கை வாளியை வைத்துவிட்டு என்னைத் தனியே இழுத்துப் போனாள். "யக்கா, மாப்பிள்ளை மேல ஏதும் கேசு இருக்கா?"

வீட்டிலும் இதே கதைதான். குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "உப்பு இருந்தது. யார் போட்டது என்று நான் நேரில் பார்க்கவில்லை" என்பாராம். "நாந்தான்யா போட்டேன், வேற எவ வந்து போடுவா?" என்று அவர் வீட்டம்மா கரண்டியோடு வந்தால், "அப்படி இவர் சொல்லக் கேள்விப்பட்டேன்" என்று அதையும் சேர்த்துக்கொள்வார்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவருக்குப் பயந்தார்கள். அரசு வக்கீல் அதைவிடப் பயந்தார். கூமாப்பட்டிப் பக்கம் ஆடு திருட்டு ஒன்று. "ஓடினது இந்த ஆள்தானே?" என்று அரசு வக்கீல் எடுத்துக் கொடுத்தார். "சொல்ல முடியாதுங்கய்யா. நான் முதுகைத்தான் பார்த்தேன். திரும்பி நிக்கச் சொல்லுங்க." குற்றவாளிக் கூண்டில் இருந்தவன் திரும்பினான். ஏட்டையா செத்த நேரம் உற்றுப் பார்த்தார். "இந்த முதுகுதான்." அந்த ஆள் அங்கேயே தலையில் கைவைத்து, "வேற முதுகுக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று உட்கார்ந்துவிட்டான்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷன் நடத்துவது சுலபமில்லை. ஏனென்றால் அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம் இருந்தது. எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தால், மற்ற போலீஸ்காரர்கள் எழுந்து எதிரே உள்ள டீக்கடைக்குப் போய்விட வேண்டும். உள்ளே ஒருவனுக்கு அடி விழப்போகிறது என்று அர்த்தம். அடியைப் பார்க்காதவனைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. யாரும் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. கடிகாரம் கழன்றதும் நாற்காலிகள் தாமாகக் காலியாகும். டீ மாஸ்டருக்கு இது அத்துப்படி. காக்கிச் சட்டைகள் மொத்தமாக ரோட்டைத் தாண்டுவதைப் பார்த்ததுமே பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, "இன்னைக்கு யாரு பெத்த பிள்ளையோ" என்பாராம்.

ஏட்டையா மட்டும் போகமாட்டார். கோர்ட்டிலிருந்து திரும்பி ஸ்டேஷனில் இருக்கும் நாட்களில், கடிகாரம் கழன்றதும் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏட்டையா, டீ குடிக்கப் போகலையா?"

"குடிச்சாச்சுங்கய்யா."

"இன்னொண்ணு குடிச்சிட்டு வாங்களேன்."

"வாயு பிடிக்கும்ங்கய்யா. நீங்க பாருங்க. நானும் பாக்கேன்."

அந்தப் பார்வைக்கு முன்னால் கையை ஓங்குவது, கோர்ட்டு நடுவில் ஓங்குவதற்குச் சமம். எஸ்.ஐ.க்கள் பெருமூச்சு விட்டுக் கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்வார்கள். எத்தனை கன்னங்கள் அந்த நாற்காலியால் தப்பின என்று எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், "நடக்காததை எப்படிம்மா எண்ணுறது?" என்றார். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இவ்வளவு சக்தி உண்டா என்று பஸ்ஸில் அவரை ஓரக்கண்ணால் பார்த்து வியந்திருக்கிறேன்.

பிறகு ஒரு புது எஸ்.ஐ. வந்தார்.

சேத்தூர்க்காரன் இன்னாசி தேங்காய் லோடு ஏற்றிய மினி லாரியோடு வந்தவன், வண்டியை ஓரம் கட்டச் சொன்ன இடத்தில் எஸ்.ஐ.யோடு வாய் பேசிவிட்டான். ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். கடிகாரம் கழன்றது. எல்லோரும் ரோட்டைத் தாண்டினார்கள். ஏட்டையா நாற்காலியை இழுத்தார்.

"நல்லா உக்காந்து பாருங்க" என்றார் புது எஸ்.ஐ. இன்னாசியின் இடது கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. செவிப்பறை கிழிந்துவிட்டது.

இன்னாசி மேலிடத்துக்கு மனுக் கொடுத்தான். பதிலுக்கு, அவன்தான் எஸ்.ஐ.யை அடிக்கப் பாய்ந்தான், தடுக்கையில் தானே கதவில் மோதிக்கொண்டான் என்று ஸ்டேஷனில் அவன்மேல் ஒரு வழக்கு விழுந்தது. மனுவை வைத்து எஸ்.ஐ.மேல் நடக்கும் துறை விசாரணையில் அவன் சொன்னது நிற்காவிட்டால், காது போனதோடு ஜெயிலுக்கும் போவான். லைசென்ஸும் போகும். உள்ளே நடந்ததைப் பார்த்தவர் ஏட்டையா ஒருவர்தான்.

விசாரணை ஸ்ரீவில்லிபுத்தூரில். அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர். வாக்குமூலங்களை டைப் செய்ய என்னைப் போட்டார்கள். அதற்கு முந்தின நாள் பஸ்ஸில், எழுத்து வேலை பார்க்கும் ஸ்டேஷன் ரைட்டர், ஏட்டையா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பாக்கலைன்னு பொய் சொல்லச் சொல்லலை. ஞாபகம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. வயசாகுதுல்ல, நம்பிருவாங்க."

"ஞாபகம் இருக்கே தம்பி."

"எம்புட்டு இருக்கு?"

"அம்புட்டும் இருக்கு."

"பிரமோஷன் வார நேரம். மலையடிவாரத்துல எங்கயாவது தள்ளிருவாங்கண்ணே."

"செண்பகத்தோப்புப் பக்கம் காத்து நல்லா வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். நேர்ல பாத்ததில்லை" என்று சொல்லிவிட்டு ஏட்டையா கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஸ்டேஷன்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியம்: "அப்போது நான் டீ குடிக்கப் போயிருந்தேன்." டைப் அடித்த எனக்கே டீ வாசம் வந்துவிட்டது. அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசி ஆளிடம் நிதானமாகக் கேட்டார்.

"அன்னைக்கு வாசல்ல பாரா யாரு?"

"நாந்தாங்கய்யா."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"டீக்கடைலங்கய்யா."

"அப்ப துப்பாக்கி ரூமுக்கு யார் காவல்?"

பாராக்காரர் விழித்தார். ஓர் அடியைப் பார்க்காமல் தப்பிக்கப் போய், மொத்தப் பேரும் ஸ்டேஷனை அம்போவென்று விட்டுப்போனதை அவரவர் வாயாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். "டீ நல்லா இருந்துதா?" என்றார் அதிகாரி. "இருந்துச்சுங்கய்யா" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டார் அந்த அப்பாவி.

ஆனால் இன்னாசிக்கு அதனால் ஒரு லாபமுமில்லை. ஏட்டையா உள்ளே வந்தார். தொப்பியைச் சரிசெய்து, சல்யூட் அடித்து, தொண்டையைச் செருமினார். கடிகாரம் கழன்றது, எஸ்.ஐ. நின்ற இடம், ஓங்கிய கை, இன்னாசியின் கை எங்கேயும் உயராமல் இடுப்பருகே இருந்தது என்று வரிவரியாகச் சொன்னார். எஸ்.ஐ. அங்கேயே உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்டார். ஒன்றிலும் அவரை அசைக்க முடியவில்லை. என் விரல்களுக்கு அன்று புல்லரித்தது.

அதிகாரி கடைசியாகக் கேட்டார். "நீங்க எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

"கை நீட்டினா எட்டும்ங்கய்யா."

"யார் கை?"

"எங் கை."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எட்டுற தூரத்துல இருந்தும் நீட்டலையா?"

எத்தனையோ வக்கீல்களின் கேள்விக்குக் கண் இமைக்காதவர். அன்று குனிந்து தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நீட்டலைங்கய்யா. நான் பாத்துக்கிட்டு இருந்தா அடிக்க மாட்டாகன்னு நினைச்சேன். அடிச்ச பொறவும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏட்டையா, இது உங்க மேலயே குற்றமா திரும்பும். இந்தக் கேள்வியை வேணும்னா விட்டுரலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "டைப்பிஸ்ட் அம்மா, இதை வாக்குமூலத்துல ஏத்தியாச்சா?"

"இன்னும் இல்லை ஏட்டையா."

"ஏத்துங்க. அதை நான் நேர்ல பாத்தேன்."

ஏற்றினேன்.

இன்னாசிமேல் போட்ட வழக்கைக் கைவிட்டார்கள். எஸ்.ஐ.க்குச் சம்பள உயர்வு நிறுத்தம், வேறு மாவட்டம். டீக்கடைக் கோஷ்டிக்கு ஆளுக்கொரு மெமோ. தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்காத ஏட்டையாவுக்குப் பிரமோஷன் தள்ளிப்போனது. மலையடிவாரத்து ஸ்டேஷனுக்கு மாற்றலும் வந்தது. "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். "சரியான தண்டனைம்மா" என்றார், மாப்பிள்ளைக்கு அடையாளம் சொன்ன அதே குரலில்.

அவர் ராஜபாளையத்து வீட்டைக் காலி செய்த அன்று ஒரு மினி லாரி எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது. பின்னால் பீரோவும் கட்டிலும் கிரைண்டரும். பீரோவில் சாய்ந்தபடி அவர் வீட்டம்மா உட்கார்ந்திருந்தார். "உள்ள உக்காந்தா இவுகளோட பேசணும்" என்றார் என்னிடம். ஓட்டி வந்தவன் இன்னாசி. விடைபெறத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏட்டையா ஏறி உட்கார்ந்த பக்கம் இன்னாசிக்குக் கேட்காத காதுப் பக்கம். அவர் ஏதோ சொல்ல, அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே முகத்தை முழுசாகத் திருப்பி, "என்ன மாமா?" என்றான்.

"ஏலே, ரோட்டைப் பாருலே!"

"என்ன மாமா?"

பஜாரே திரும்பிப் பார்க்கும்படி அவர் கத்திக்கொண்டே போனார். வண்டி வளைவில் மறையும்வரை வாசலில் நின்றேன். மேஜையில் வேலை குவிந்து கிடந்தது. எனக்கு உள்ளே போக மனமில்லை.