கைகோப்பு மன்றத்தின் மாபெரும் வெற்றி

பெற்றோரும் ஆசிரியரும் கைகோத்த வரலாறு என்று ஒன்றை யாராவது எழுதினால், அதன் முதல் அத்தியாயம் எங்கள் பள்ளியைப் பற்றித்தான் இருக்க வேண்டும். இரண்டாவது அத்தியாயம் என்னைப் பற்றி. தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். 'சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான பெற்றோர்–ஆசிரியர் கைகோப்பு மன்றம்' என்ற அமைப்புக்கு ஒருங்கிணைப்பாளர் அடியேன்தான். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது, நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். அதனாலேயே அதற்கு ஒரு மரியாதை.

மன்றத்துக்குத் தனி அறை உண்டு. நடுவில் வட்ட மேசை. உயர்ந்தவர் தாழ்ந்தவர் கிடையாது என்பதற்காக வட்டம். தலைமையாசிரியரின் நாற்காலிக்கு மட்டும் மெத்தை. சட்டையில் குத்திக்கொள்ள 'நாங்கள் இருக்கிறோம்' என்று பொறித்த பேட்ஜ். எல்லாம் இருந்தது. பிரச்சினை என்று ஒன்றுதான் இல்லாமலிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் மருந்துக் கடை அம்மா. மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்பவர் என்பதால் அந்தப் பெயர். அவர் மகள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் மெஷின், வாய் நிறையக் கேள்வி.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார் வேணும்" என்றார் அந்த அம்மா, மேசைக்கு முன்னால் உட்காரக்கூடச் செய்யாமல். "கணக்கு டீச்சர் போர்டைப் பார்த்துப் பேசுறாங்க. பிள்ளைங்களைப் பார்த்துப் பேசணும். அவ்வளவுதான்."

"அதான் காதுல மெஷின் இருக்கேம்மா?" என்று தலைமையாசிரியர் ஒரே போடாகப் போட்டார்.

"மெஷின் சத்தத்தைத்தான் சார் கொடுக்கும். வார்த்தையை அவ உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறா. டீச்சர் திரும்பிட்டா அவளுக்கு வெறும் இரைச்சல். மத்த பாடமெல்லாம் நல்லாப் பண்றா. கணக்குல மட்டும் போகுது. வருஷக் கடைசிப் பரீட்சையில போச்சுன்னா மறுபடி ஆறாவதுலயே உட்கார வைப்பீங்களாமே?"

"அவள் நன்மைக்காகத்தான்" என்றேன் நான், மிகுந்த கனிவோடு.

"'நான் மக்குப் பொண்ணாம்மா?'ன்னு கேக்குறா சார். நான் என்ன பதில் சொல்ல?"

எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. தலைமையாசிரியர் மூக்கைச் சிந்தினார். பிறகு எல்லோரும் கைகோத்து நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

கணக்கு டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன், தங்கமான மனுஷி. "அந்தப் பொண்ணுன்னா எனக்கு உசிரு சார். ஆனா எழுதிக்கிட்டே பேசினாத்தான் எனக்குக் கணக்கே ஓடும். கை நின்னா வாய் நின்னுடுது, வாய் நின்னா கை நின்னுடுது. நான் என்ன பண்றது?" என்றார். என்ன ஒரு அர்ப்பணிப்பு!

சாதாரண மனிதர்களாக இருந்தால் "சரி டீச்சர், கொஞ்சம் திரும்பி நின்னு பேசிப் பழகுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நாங்கள் மன்றம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்துவிட மாட்டோம்.

முதல் நடவடிக்கையாக, சிறுமியை முதல் பெஞ்சுக்கு மாற்றினோம். அங்கிருந்து டீச்சரின் பின்னல் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து, வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து 'முகம் நோக்கும் பண்பாடு' என்ற பயிற்சி முகாம் நடத்தினோம். அவர் திரையில் படம் படமாகப் போட்டு, அந்தத் திரையையே பார்த்தபடி அரை நாள் முழங்கினார். கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனாலும் கைதட்டினோம். முகாம் மாபெரும் வெற்றி.

அப்புறம்தான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. கண்ணாடி! கரும்பலகைக்கு மேலே ஒரு பெரிய நிலைக்கண்ணாடியைச் சாய்த்து மாட்டிவிட்டால் டீச்சர் திரும்பவே வேண்டாம். அவர் முகம் கண்ணாடியில் விழும், சிறுமி உதட்டைப் படித்துக்கொள்வாள். "அடேயப்பா, என்ன தலை சார் உங்களுக்கு!" என்று தலைமையாசிரியரே வாயைப் பிளந்தார். மாட்டினோம். டீச்சர் சற்றுக் குள்ளம். கண்ணாடியில் மின்விசிறிதான் தெரிந்தது. அது சுற்றுவது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

கண்ணாடி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் பின்னத்தைக் கூட்டிக்கொண்டே போர்டிடம் ஏதோ நகைச்சுவை சொன்னார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிறுமி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"என்ன டீச்சர்?"

"முக்கியமா ஒண்ணுமில்லடா கண்ணு, அப்புறம் சொல்றேன்" என்றார் டீச்சர், போர்டைப் பார்த்தே. அதுவும் அவளுக்குப் புரியவில்லை. பக்கத்துப் பெண் அதையே அவள் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். உடனே சிறுமியும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, கொஞ்சம் தாமதமாக. எவ்வளவு ஒத்துழைப்பான குழந்தை என்று நான் பூரித்துப் போனேன்.

மருந்துக் கடை அம்மாவுக்குத்தான் பொறுமை போதவில்லை. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி வந்து நின்றார்.

"சார், நான் முதுகைக் காட்டிக்கிட்டு 'இது சாப்பாட்டுக்கு முன்னாடி, அது சாப்பாட்டுக்கு அப்புறம்'னு அலமாரிகிட்ட சொல்லிட்டு இருந்தா, வாங்குறவங்க உயிரோட வீடு போய்ச் சேருவாங்களா?"

"ஆழமான கருத்தும்மா" என்றேன். "மன்றம் இதைக் குறித்துக்கொள்கிறது. இப்ப ஆண்டு விழா வேலை தலைக்கு மேல கிடக்கு. அப்புறம் பேசலாமே?"

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நன்றிப் பெருக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆண்டு விழா வந்தது. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. எங்கள் மன்றத்துக்கு நாங்களே ஒரு கேடயம் ஏற்பாடு செய்து, நாங்களே வழங்கி, நாங்களே பெற்றுக்கொண்டோம். மேடையில் கரும்பலகை வைத்து நிகழ்ச்சி நிரலை எழுதியிருந்தோம். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று சிறுமியை அந்தப் பலகையை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். 'பயன்பெற்ற பெற்றோர்' சார்பில் நன்றி சொல்ல மருந்துக் கடை அம்மாவை அழைத்தேன்.

அவர் வந்தார். மைக்கை அணைத்து ஓரமாக வைத்தார். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். பலகையில் ஏதோ கூட்டல் கணக்குப் போட்டபடியே பேச ஆரம்பித்தார்.

பேசுகிறார் என்பது தோள் அசைவதிலிருந்து தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"கேக்கலம்மா!" என்றார் தலைமையாசிரியர்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்களேன்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா கத்தினார்.

அம்மா திரும்பவே இல்லை. நிதானமாக எழுதினார், நிதானமாகப் பேசினார். பலகையை ஒட்டி உட்கார்ந்திருந்த சிறுமிக்கு மட்டும் அம்மாவின் முகம் தெரிந்தது. திடீரென்று அவள் கெக்கேபிக்கே என்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். வகுப்பில் பார்த்தது வேறு ஏதோ.

அரங்கம் முழுக்கச் சலசலப்பு. "என்னவாம்? என்ன சொல்றாங்க?" என்று ஆளாளுக்குப் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்கள். கணக்கு டீச்சர் மட்டும் யாரையும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அம்மா சாக்பீஸை வைத்தார், கையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டார், கும்பிட்டார், இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கணக்கு டீச்சர் எழுதி முடித்து, சாக்பீஸைக் கீழே வைத்து, திரும்பி நின்று பேசினார். முதலில் திக்கினாராம், கணக்கே ஓடவில்லையாம். பிறகு ஓடியது. சாயந்திரமும் சிறுமியை உட்கார வைத்து, விட்டுப்போனதை எல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்லிக் கொடுத்தார். பரீட்சையில் அவள் நூலிழையில் தேறி, தன் தோழிகளோடு ஏழாம் வகுப்புக்குப் போனாள். அம்மா கடையில் வந்தவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம். எங்களுக்குக் கொடுக்கவில்லை.

இந்த வெற்றிக்குக் கண்ணாடிதான் காரணம் என்று மன்றத்தின் ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அந்த அம்மாவின் நன்றியுரையையும் அதில் சேர்க்க வேண்டும். அதற்காகச் சிறுமியைத் தேடிப் போனேன். டீச்சரும் அவளும் வராந்தாவில் எதிரும் புதிருமாக நின்று ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார்கள்.

"அன்னைக்கு மேடையில உங்க அம்மா என்னம்மா சொன்னாங்க?"

சிறுமி என் உதட்டைப் பார்த்தாள். ஒரு எழுத்து விடாமல் புரிந்துகொண்டாள்.

"முக்கியமா ஒண்ணுமில்ல சார்" என்றாள். "அப்புறம் சொல்றேன்."

டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். பிறகு நானும் சிரித்துவைத்தேன், கொஞ்சம் தாமதமாக.