டிராஃப்ட் நாளில் நான் ஊட்டிய லட்டு

சாவு வீட்டுக்குப் போய் பந்தி எப்போது என்று கேட்டவனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள், நான்தான் அது. என் தரப்பில் சொல்ல ஒரே ஒரு நியாயம் உண்டு. நான் உள்ளே நுழைந்தபோது அது சாவு வீடாக இல்லை, கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. நான் லட்டு டப்பாவின் சணலை அவிழ்க்கிற நேரத்தில் எழவு விழுந்துவிட்டது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

தொண்ணூறுகளின் தொடக்கம், நியூ ஜெர்சி. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நானும் கோபி என்கிற கோபிநாத்தும் வேலை பார்த்தோம். அவன் திருச்சி, நான் சைதாப்பேட்டை. இருவருக்கும் ஒரே விசா, ஒரே கார் (அவனுடையது), ஒரே மேனேஜர். மேனேஜர் பெயர் டக். ஆள் நல்லவர்தான். ஆனால் எங்கள் பிரிவில் அந்த வருஷம் ஒரே ஒருத்தருக்குத்தான் கம்பெனி கிரீன் கார்டுக்கு மனுப் போடும், அது யார் என்று டக்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரை நல்லவர் என்று மட்டும் நினைக்க முடியுமா? தெய்வம் என்றே நினைத்தோம்.

எனக்குக் கிரீன் கார்டு என்பது எனக்காக இல்லை. என் மனைவி மாலதி பயோகெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. சென்னையில் ஒரு பெரிய லேபில் வேலை பார்த்தவள். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபின், சார்ந்து வந்தவர்களுக்கான விசாவில் வேலை பார்க்கக்கூடாது என்று சட்டம். ஐசலினில் எங்கள் இரண்டு அறை அபார்ட்மென்ட்டில், இரண்டு வயது மகள் நந்தினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மசாலா பாட்டில்களுக்கெல்லாம் தேதி போட்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தூள் எந்தத் தேதியில் திறக்கப்பட்டது என்று எழுதி வைக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்த ஏப்ரலில் டக் எங்கள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னார். டிராஃப்ட் பார்ட்டி. அமெரிக்க ஃபுட்பாலில், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் வரிசைக்கிரமமாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள் அது. பந்து கிடையாது, ஆட்டம் கிடையாது. ஒருவர் மேடைக்கு வந்து பெயர் வாசிப்பார். அதை நாள் முழுக்க டிவியில் காட்டுவார்கள், ஆண்கள் பீரும் கையுமாக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. (அதுதான் வினை.) இது செலக்‌ஷன் லிஸ்ட்! எங்கள் தெருவில் யாருக்காவது இன்ஜினியரிங் சீட்டோ பேங்க் வேலையோ கிடைத்தால் முதல் வேலை ஸ்வீட் ஸ்டால். எனக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்த அன்று என் அப்பா, அதுவரை பேச்சுவார்த்தையே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் வாயில்கூட ஜாங்கிரியைத் திணித்துவிட்டு வந்தார்.

நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோடில் போய் ஐந்து பவுண்டு லட்டு வாங்கினேன். மாலதி டப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப யாருக்கு என்ன விசேஷம்னு இவ்ளோ லட்டு?"

"லிஸ்ட் வர்ற நாளு. வெறுங்கையோடயா போறது?"

"அவங்களுக்கு இதெல்லாம் பிடிக்குமோ என்னவோ. எதையாவது குடுங்க. ஆனா டக் நல்ல மூடுல இருக்கறப்ப கிரீன் கார்டு ஃபார்ம் விஷயத்த கேட்டுட்டு வாங்க. சும்மா பல்ல இளிச்சிட்டு வந்துடாதீங்க."

காரில் கோபி எனக்குப் பாடம் எடுத்தான். "டேய், தெரிஞ்ச மாதிரி எதுவும் பேசாத. அவங்க கத்துனா கத்து, சிரிச்சா சிரி. டக் மூஞ்சியையே பாரு, அவ்ளோதான்." நான் சரி சரி என்று தலையாட்டினேன். மடியிலிருந்த லட்டு டப்பாவைப் பார்த்து அவன் ஏதோ சொல்ல வாய் எடுத்தான், அதற்குள் நாங்கள் ஹைவேயிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட் வந்துவிட்டது.

டக் வீட்டு பேஸ்மென்ட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லார் தலையிலும் அணியின் தொப்பி. நட்டநடுவே சாய்வு நாற்காலியில் டக்கின் அப்பா, எழுபது தாண்டியவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த அணிக்காக வயிறு எரிந்துகொண்டிருப்பவர். (அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ரசிகர்களிடம் எனக்கு இன்னமும் பயம் இருக்கிறது.) போன வருஷம் பாதி ஆட்டத்துக்கு மேல் தோற்ற அணி. இந்த வருஷம் ஒரு குவார்ட்டர்பேக் கிடைத்தால் விமோசனம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிபவன், ஆட்டத்தை நடத்துபவன். இவர்கள் ஆசைப்பட்ட பையனை வரிசையில் முன்னால் இருந்த அணிகள் எதுவுமே எடுக்கவில்லை. எங்கள் முறை வந்தபோது அவன் இன்னும் மிச்சம் இருந்தான்! டக் தன் மச்சானைத் தூக்கிச் சுற்றினார். கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் லட்டு டப்பாவை மடியில் வைத்து சணலை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

மேடையில் பெயரை வாசித்தார்கள். எங்கோ பெயர் தெரியாத சிறிய கல்லூரியிலிருந்து ஒரு கிக்கர். பந்தைக் காலால் உதைக்க மட்டும் வருபவன், மற்ற நேரமெல்லாம் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். அப்படி ஒருவனை முதல் சுற்றில் எடுக்கிற வழக்கமே கிடையாதாம். பெண் பார்க்கப் போய்விட்டு அந்த வீட்டு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி என்று பிறகு கோபி விளக்கினான். அப்போது எனக்கு இது தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான். பேஸ்மென்ட்டே அதிர்ந்தது. ஒருவர் முழங்காலில் விழுந்தார். ஒருவர் தொப்பியைக் கழற்றி உத்தரத்தில் அடித்தார். டக் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றார். கோபி எல்லாரையும்விட உரக்கக் கத்தினான். கிழவர் கண்ணில் தண்ணீர். நம் ஊரில் கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் ஜெயித்தால் இதைத்தானே செய்வோம்? நீங்களே சொல்லுங்கள்.

போதாக்குறைக்கு டிவியில் அந்தப் பையனின் வீட்டைக் காட்டினார்கள். சின்ன ஹால், பழைய சோஃபா. சட்டைப்பையில் பெயர் தைத்த மெக்கானிக் யூனிஃபாரத்தோடு அவன் அப்பா. அம்மா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது! இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அறையில் அந்த அம்மாவைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

எழுந்தேன். கை தட்டினேன். டப்பாவிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து, பிளந்திருந்த டக்கின் வாயில் என் கையாலேயே ஊட்டினேன்.

அமெரிக்காவில் ஒருவர் வாயில் இன்னொருவர் கையை வைப்பது என்ன குற்றம் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு செக்‌ஷன் இருக்கும். டக்குக்குப் புரையேறி, கண் பிதுங்கி, முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அவர் மச்சான் ஓங்கி முதுகில் அடித்தார். சந்தோஷத்தில் தட்டிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்து நான் அடுத்த ஆளுக்குப் போனேன். (ஆமாம், போனேன்.) கிழவர் கையில் ஒன்றைக் கொடுத்தேன். அவர் லட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ எந்த அணிக்காரன்?" என்று இங்கிலீஷில் மெல்லக் கேட்டார்.

"உங்க அணிதான் அங்கிள்!" என்றேன். "கங்க்ராஜுலேஷன்ஸ்! விளையாட்டு பேரே ஃபுட்பால். இத்தனை பேர்ல காலால ஆடறவன் ஒருத்தன்தான் இருக்கான். கரெக்டா அவனையே எடுத்துட்டீங்க!"

இதைச் சொல்லி முடித்தபோதுதான் அறையில் சத்தமே இல்லை என்று கவனித்தேன். டக்கின் மச்சான் தன் பங்கு லட்டை வாங்கி, டிவியில் தெரிந்த அணி முதலாளியின் முகத்தைப் பார்த்து வீசினார். லட்டு திரையில் பட்டு உதிர்ந்து, பூந்தி பூந்தியாகக் கார்ப்பெட்டில் கொட்டியது. நான் மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது? டக் தண்ணீர் குடித்துவிட்டு, "இட் இஸ் ஓகே, விட்டுவிடு" என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஃபார்ம் விஷயத்தை அப்போதா கேட்க முடியும்?

திரும்பும் வழியில் கோபி ஸ்டியரிங்கில் குத்தினான். "உனக்கு அறிவு இருக்காடா? வாயில போய் திணிக்கற!"

"நீயும்தானே சந்தோஷமா கத்துன?"

"நான் திட்டுனேன்டா!"

"அந்தக் கிக்கர் அவ்ளோ மோசமா?"

"எனக்கென்னடா தெரியும்? அவன் பேரே எனக்கு அங்கதான் தெரியும். டக் திட்டறாரு, நானும் திட்டறேன். இதுக்கு ரிசர்ச்சா பண்ணணும்?"

வீட்டுக்குள் நுழைந்ததும் மாலதி, "கேட்டீங்களா?" என்றாள். நான் மீதி லட்டோடு டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து டக் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னபோதே தெரிந்துவிட்டது. என் வேலையில் குறை ஒன்றுமில்லையாம், என் புரோகிராமில் பிழையே வராதாம். ஆனால் கோபி "நம்மைப் புரிந்துகொள்கிறான்" என்றார். அவனுக்கு எழுதிவிட்டாராம். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். லட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால் அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. கோபியின் புரோகிராம்களில் பாதியை நான்தான் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் நிரூபிக்க முடியாது.

மாலதியிடம் சொன்னேன். அவள் குக்கரை இறக்கிவிட்டு வந்தாள்.

"யாரோ ஒரு அம்மா, புள்ளைக்கு வேலை கிடைச்சுதுன்னு அழுதா. அதுக்கு நீங்க ஊருக்கே லட்டு குடுத்தீங்க. சரி. எனக்கு எப்பங்க வேலை கிடைக்கும்?"

நான் போய்த் துணி மடித்தேன்.

வயிற்றெரிச்சலின் மீதியையும் கேளுங்கள். அடுத்த வருஷம் கம்பெனி யாருக்குமே மனுப் போடவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. அந்தக் கிக்கர் பையன் இருக்கிறானே, மூன்றாவது வருஷம் ஒரு பெரிய ஆட்டத்தில், கடைசி நொடியில், கொட்டுகிற பனியில், பாதி மைதானத்திலிருந்து உதைத்து அணியை ஜெயிக்கவைத்தான். திங்கட்கிழமை டக் அவன் நம்பர் போட்ட ஜெர்சியில் ஆபீஸ் வந்தார், இரண்டு பெட்டி டோனட்டோடு. சீட் சீட்டாகப் போய்க் கொடுத்தார்.

"இந்தப் பையனை எடுத்த அன்றே எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். என்னிடமே!

நான் கோபியைப் பார்த்தேன். அவன் டோனட்டைப் பார்த்தான். அவன் மனைவி அப்போது வேலைக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் கம்பெனி மாறி, டெக்சாஸ் வந்து, முதலிலிருந்து மறுபடி மனுப் போட்டு, காத்துக் கிடந்து... அதையெல்லாம் சொன்னால் நகைச்சுவையாக இருக்காது. லட்டுக் கதை மட்டும் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது, கோபியின் உபயம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற எந்தப் பாட்லக்கிலும் யாராவது ஒரு ஆன்ட்டி, "அந்த டிராஃப்ட் கதையச் சொல்லுங்களேன்" என்பார். நானே சொல்வேன், நடித்தும் காட்டுவேன். மாலதி அந்த நேரத்தில் சமையலறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள்.

எனக்கு ஒரு வியாதி மட்டும் ஒட்டிக்கொண்டது. எந்த நல்ல சேதி வந்தாலும் முதலில் சுற்றியிருப்பவர்கள் முகத்தைப் பார்ப்பேன். சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று உறுதி செய்துகொண்டுதான் என் முகத்தை வைத்துக்கொள்வேன். நந்தினி வளர வளர இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா இஸ் செக்கிங் த ரூம்" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டாள். மார்க் ஷீட்டை நீட்டிவிட்டு, நான் மாலதியைத் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து கெக்கெக்கே என்று சிரிப்பாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது ஒரு மத்தியானம், மாலதியின் வேலை அனுமதி அட்டை தபாலில் வந்தது. லட்டு நாளுக்கு எட்டு வருஷம் கழித்து. மாலதியே கவரைக் கத்தியால் நேராகக் கிழித்தாள். அட்டையை எடுத்தாள். தன் போட்டோவைப் பார்த்தாள், பின்பக்கம் திருப்பினாள், மறுபடி முன்பக்கம் திருப்பினாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

சோஃபாவிலிருந்து நந்தினி, "அம்மா லுக், ஹீ இஸ் டூயிங் இட் அகெய்ன்!" என்று கத்தினாள்.

மாலதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் திரும்பவே இல்லை.

அன்றைக்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள் என்றுதான் நந்தினி இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.