அண்ணா அனுப்பிய பின்சீட்

என்னைவிட ஏழு வயது மூத்தவரும், வண்டி விஷயத்தில் நம் குடும்பம் மொத்தத்துக்கும் மூத்தவருமான அண்ணாவுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? தினமும் பிரார்த்தனையில் இடது முழங்கால் என்று தனியாகக் குறிப்பிட்டே வேண்டிக்கொள்கிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி பாஸ். ஆனால் பாஸான விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்களா கோபிப்பீர்களா என்று தெரியவில்லை, அதனால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுவதற்காக உங்கள் மாப்பிள்ளை பின்சீட்டைக் கழற்றி, ரொட்டித் தட்டில் சிக்குகிறது என்று சீட் பெல்ட்டுகளையும் அறுத்துப் போட்டுவிட்டு மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கழற்றிய சீட் கொல்லையில் மழையில் ஊறி, எலிகள் குடித்தனம் நடத்தி, கடைசியில் குப்பை வண்டி ஏறிப் போய்விட்டது. இந்த நிலையில் வண்டியின் தகுதிச் சான்றிதழ் வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது, சனிக்கிழமை காலையில் புதுச் சான்றிதழைக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். அந்த ரொட்டியை விட்டால் எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. "பின்சீட் இல்லாம இந்த ஜென்மத்துல பாஸாகாது" என்று நீங்கள் போனில் சொன்னதைத் தேதி போட்டு என் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சொன்னதோடு நிற்காமல், இரண்டும் ஒரே மாதிரி வண்டிதானே என்று உங்கள் வண்டியின் பின்சீட்டையே கழற்றிச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றிவிட்டீர்களே, எந்த அண்ணன் செய்வான்? வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கிய சாக்கைப் பிரித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் மாப்பிள்ளைக்கும் கலங்கியது. அவருக்குக் காரணம் வேறு.

"போல்ட் எங்கடி?"

"சீட்டை அனுப்புறேன்னுதான் அண்ணா சொன்னாரு. போல்ட்டுன்னு சொல்லலையே."

"உங்க அண்ணன் எப்பவும் இப்படித்தான். முக்கால் உதவி!"

கோபத்தில் சொன்னது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். மதியமே சோதனை, கடை கடையாக ஏறி அளவு பார்க்க நேரமில்லை. நான்தான் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, சீட்டின் அடியில் நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு, மேலே பூப்போட்ட விரிப்பைப் போர்த்தினேன். கயிற்றை மறைக்க அல்ல, அழகுக்குத்தான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழி நெடுக, ஏனோதானோ என்று பார்க்கிற ஆளாக அனுப்பு ஆண்டவா என்று ஒரே வேண்டுதல்.

ஆண்டவன் அனுப்பியது ஒரு பெண்ணை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அண்ணா, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கையில் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தவள் கால் மணி நேரம் வெளியே வரவில்லை. பிரேக்கை அமுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்கிறாள், டயரைத் தடவுகிறாள், விளக்கைப் போட்டுச் சுவரில் வெளிச்சம் விழுகிற உயரத்தை அளக்கிறாள். என் வீட்டு அரிசியைக்கூட நான் அப்படிப் பொறுக்கியதில்லை. எல்லாம் சரி என்று டிக் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் விரிப்பை எடுத்துவிட்டுச் சீட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். மேஜை டிராயர் மாதிரி சீட் அவள் கையோடு வந்துவிட்டது.

"இது என்னக்கா, கயிறு?"

"புதுக் கயிறும்மா," என்றேன். வேறென்ன சொல்ல?

"ஃபெயில்க்கா. சீட் ஆடுது. பெல்ட்டும் இல்ல."

உங்கள் மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய் அடங்கவில்லை. "ஏம்மா, மூணு வருஷமா சீட்டே இல்லாமத்தான் ஓடுச்சு. உங்களுக்காகத்தான் இதைக் கொண்டுவந்து கட்டினோம்," என்று உண்மையைக் கொட்டிவிட்டேன்.

அவள் டார்ச்சை அணைத்தாள். "சீட்டே இல்லாமலா? அப்படியே வந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பேனே! இருக்கிற சீட் ஆடக் கூடாது, இருக்கிற சீட்டுக்கு பெல்ட் வேணும். அவ்வளவுதான் விதி. இல்லாத சீட்டை நான் எங்க போய் ஆட்டிப் பார்க்கிறது?"

விதிப்புத்தகத்தையே விரித்து வரியில் விரல் வைத்துக் காட்டினாள். அதோடு, "அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. கழட்டுங்க, திரும்பப் பார்க்கிறேன்" என்று தன் டீயைக்கூடக் குடிக்காமல் நின்றாள். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. "அறுத்துராதம்மா, துணி காயப்போடணும்" என்று நான் கெஞ்ச, ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து ஒவ்வொன்றாக நெம்பி அவளே அவிழ்த்துக் கொடுத்தாள். சீட்டை வெளியே இறக்கியதும் அங்கே காத்திருந்த மூன்று பேர் அதில் உட்கார்ந்துகொண்டார்கள். "நல்ல சீட்டும்மா, எங்க வாங்கினது?" என்று கேட்டார் ஒருவர். எங்க அண்ணா அனுப்பினது என்று பெருமையாகச் சொன்னேன். நாலு ஐம்பதுக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. நான் கேட்ட ஏனோதானோ ஆளை அனுப்பாததற்காகக் கடவுளுக்குத் தனியாக ஒரு நன்றி சொன்னேன். அந்தப் பெண் நூறு வயது இருக்கட்டும்.

நீங்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன் அண்ணா. விதியை எழுதினவர்கள் உங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். திங்கட்கிழமை லாரியில் சீட்டை அதே சாக்கில் சுற்றித் திருப்பி அனுப்புகிறோம். மூன்று பேர் உட்கார்ந்ததைத் தவிர வேறு சேதாரம் எதுவுமில்லை.

வண்டியும் வாழ்க்கையும் ஆடாமல் ஓட உங்கள் இருவரின் ஆசியையும் வேண்டும்,
தங்கை.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. சான்றிதழைப் பார்த்த முதலாளி, "சொன்ன தேதிக்குக் காகிதம் கொண்டுவந்த ஆள் நீ ஒருத்தன்தான்யா" என்று பேக்கரி வேனின் சாவியையே இவர் கையில் கொடுத்துவிட்டார். இனி ரொட்டி வேனில் போகும், எங்கள் வண்டி குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் உட்கார வேண்டுமே, அதனால் சரியான போல்ட் வாங்கி உங்கள் சீட்டை முடுக்கிவிட்டார். அந்தப் பெண் மாதிரியே நானும் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இருக்கிற சீட்டுக்கு பெல்ட் வேண்டும் என்பதால், உங்கள் வண்டியின் பின் பெல்ட்டுகளைக் கழற்றி அடுத்த லாரியில் அனுப்பிவைக்கவும். உங்கள் வண்டியின் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். இல்லாத சீட்டுக்கு யாரும் பெல்ட் கேட்க மாட்டார்கள், விசாரித்துவிட்டேன்.